மண்வெட்டிக்கு ஓர் ஆசனம்: ஊவாத் தோட்டங்களும் மலையக மக்கள் முன்னணியும்

2009 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. எம்மவர்களில் இலட்சக்கணக்கானோர் அப்போது செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். பதுளையில் யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்கும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை.

முடிவு எதிர்பார்த்ததுதான். 34 ஆசனங்களில் 25ஐ ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு எடுத்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 7, ஜே.வி.பி.க்கு 1. எஞ்சிய ஓர் ஆசனம் மலையக மக்கள் முன்னணிக்கு. வெற்றிக் கொண்டாட்டத்தில் நாடு மிதந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சிறிய தமிழ்க் கட்சி எந்தப் பெரிய கட்சியின் நிழலிலும் நிற்காமல், தன் சொந்த மண்வெட்டிச் சின்னத்தில் பதுளை மாவட்டத்தில் ஓர் இடத்தைப் பிடித்தது. ஊவா மாகாண சபைக்கு அதன் பிறகு ஒரேயொரு தேர்தல்தான் நடந்தது. அதில் அந்த ஆசனம் திரும்பி வரவில்லை.

அந்த ஓர் ஆசனம் எப்படி வந்தது, ஏன் போனது என்று பார்த்தால், ஊவாத் தோட்டங்களில் வாழும் எமது மக்களின் அரசியல் நிலைமை ஓரளவு விளங்கும். வடக்கு, கிழக்கில் இருக்கும் வாசகர்களுக்கு மலையக அரசியல் என்றால் நுவரெலியாவும் தொண்டமான் குடும்பமும்தான் நினைவுக்கு வரும். பதுளை வேறு மாதிரியானது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதுளையும் நானும்

எனது தகப்பனார் பசறைக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு, தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை வன்னி எல்லையோரங்களில் குடியேற்றியது. 1983இல் இருவரும் கைதாகி வெலிக்கடையில் இருந்தபோது, யூலை 27ஆம் திகதி நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அதே நாளில் பதுளை நகரமும் எரிந்தது. அதற்குப் பிறகும் ஒரு தொகை மக்கள் வடக்கு நோக்கி வந்தார்கள்.

கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி, பிறகு போருக்குள் அகப்பட்டு, இடம்பெயர்ந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே ஏராளம். மீளக்குடியமர்ந்த பிறகும் காணி உறுதி இல்லாமல் அலைந்தவர்களில் அவர்களே அதிகம் கஷ்டப்பட்டார்கள். ஆகவே பதுளைத் தோட்டத்தின் காணிப் பிரச்சினையும் வன்னியின் காணிப் பிரச்சினையும் இரு வேறு கதைகள் அல்ல. பல குடும்பங்களில் அது ஒரே கதையின் இரு முனைகள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

1947இல் இருந்தது, 1952இல் இல்லாமல் போனது

சுதந்திரத்துக்கு முன் நடந்த 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றில் இரண்டு இன்றைய பதுளை மாவட்டத்துக்குள் வருபவை. இரு அங்கத்தவர் தொகுதியாக இருந்த பதுளையில் எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். அலுத்நுவர என்பது மகியங்கனையின் பழைய பெயர்.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், பிரஜையல்லாதோரின் வாக்கைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. 1952 தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதியாக ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதர்களை எண்களாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாறு பல இடங்களில் எழுதப்பட்டுவிட்டது. இங்கு நான் சொல்ல வருவது அதன் ஒரு விளைவை மட்டும். வாக்கில்லாத நாற்பது ஆண்டு காலத்தில் தோட்டத்தில் கட்சி வளர இடமில்லை. தொழிற்சங்கம் மட்டுமே வளர்ந்தது. சம்பளத்திலிருந்து சந்தா கழிக்கப்படும், தோட்டத் தலைவர் துரையோடு பேசுவார், மாவட்டப் பிரதிநிதி கொழும்போடு பேசுவார். அந்த அமைப்பு மக்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது உண்மை. ஆனால் தொழிலாளி என்ற ஒரே அடையாளத்துக்குள் அது அவர்களை வைத்திருந்தது. தொழிலாளிக்குச் சம்பளம் கேட்கலாம். தோட்டத்தில் பேர் பதியாதவன், ஓய்வு பெற்ற கிழவி, கொழும்புக் கடையில் வேலை செய்யும் இளைஞன், பட்டப்படிப்பு முடித்து வீட்டிலிருக்கும் பெண் ஆகியோருக்கு அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இடமில்லை.

பெயரை மாற்றிய கட்சி

1989இல் பெரியசாமி சந்திரசேகரன் தலைமையில் மலையக மக்கள் முன்னணி தொடங்கப்பட்டது. வி.ரி. தர்மலிங்கம், பி.ஏ. காதர் போன்றோர் அதன் ஆரம்ப கால முக்கியஸ்தர்கள். கட்சியின் பெயரையே கவனியுங்கள். அதில் ‘இந்திய’ இல்லை, ‘தொழிலாளர்’ இல்லை. இருப்பது ஒரு நிலத்தின் பெயரும் அந்த நிலத்தின் மக்களும். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் மிச்சமல்ல, இந்த மலைநாட்டை உருவாக்கிய ஒரு தேசிய இனம் என்ற கருத்தை அக்கட்சி தேர்தல் அரசியலுக்குள் கொண்டுவந்தது. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இளைஞர் இயக்கங்களும் அதற்கு முன்பே ‘மலையகம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் அதை வாக்குச் சீட்டில் ஏற்றியது பெரிய காரியம்.

அதற்கு விலையும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் சந்திரசேகரன், தர்மலிங்கம், காதர் மூவரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார்கள். வடக்கு, கிழக்குப் போராட்டத்தோடு தொடர்பு என்பதே அவர்கள் மீதான சந்தேகம். 1994 பொதுத் தேர்தலில் சந்திரசேகரன் நுவரெலியாவில் சுயேச்சையாக வென்றார். பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஆக 112. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். அந்த ஒன்று சந்திரசேகரனுடையது. பதினேழு ஆண்டு ஐ.தே.க. ஆட்சியை மாற்றிய கணக்கில் கடைசி எண் ஒரு தோட்டத்துத் தமிழனுடையது என்பதை மலையகத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

2004இல் அக்கட்சி நுவரெலியாவில் தனித்துப் போட்டியிட்டு ஓர் ஆசனம் பெற்றது. பிறகு போரின் இறுதி ஆண்டுகளில் அதே சந்திரசேகரன் மகிந்த ராஜபக்ச அரசில் அமைச்சராக இருந்தார். வன்னியில் குண்டு விழுந்த காலம் அது. இதை மறைத்து எழுதுவது வாசகர்களுக்குச் செய்யும் அநீதி. வடக்கோடு உணர்வால் நெருங்கி நின்ற கட்சியின் தலைவர், வடக்கை அழித்த அரசின் அமைச்சரவையில் இருந்தார். தோட்டத்துக்கு வீதியும் வீடும் வேண்டுமென்றால் அரசோடு இருக்க வேண்டும் என்ற மலையக அரசியலின் பழைய நியாயம் அவரையும் விட்டுவைக்கவில்லை. 2010 ஜனவரி 1ஆம் திகதி அவர் காலமானார். பின்னர் கட்சியின் தலைமை வி. இராதாகிருஷ்ணனிடம் சென்றது.

பதுளையின் கணக்கு

நுவரெலியாவில் மலையகத் தமிழர் மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகம். அங்கே மலையகக் கட்சிகள் தமக்குள் போட்டியிட்டாலும் தமிழ்ப் பிரதிநிதிகள் தெரிவாவார்கள். பதுளையில் அப்படியில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை 815,405. அதில் ‘இந்தியத் தமிழர்’ எனப் பதிவானோர் ஏறத்தாழ 18 வீதம். ஊவாவின் மற்ற மாவட்டமான மொனராகலையில் அவர்கள் மிகச் சிறு தொகையினர்.

அந்த 18 வீதமும் ஓரிடத்தில் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை ஒரு பக்கம். நமுனுகலை, தெமோதரை, ஹாலிஎல இன்னொரு பக்கம். பண்டாரவளை, பூனாகலை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை என்று தெற்கே நீளும் மலைச்சரிவுகள் மற்றொரு பக்கம். ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே சிங்களக் கிராமங்கள். சந்தை, பாடசாலை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் கலந்துதான்.

இப்போது ஆசனக் கணக்கைப் பாருங்கள். பாராளுமன்றத்துக்குப் பதுளையிலிருந்து 9 பேர். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு ஆசனம் போனசாகப் போய்விடும். மீதி 8ஐத்தான் பகிர வேண்டும். ஆகவே ஒரு முழு ஆசனத்தின் விலை ஏறக்குறைய 12.5 வீத வாக்கு. 5 வீதத்துக்குக் கீழே பெற்றால் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், மலையக மக்கள் முன்னணி, தொழிலாளர் தேசிய சங்கம், பெரிய கட்சிகளின் தமிழ் வேட்பாளர்கள் என்று பிரிந்த பிறகு, தனிச் சின்னத்தில் நிற்கும் ஒரு சிறு கட்சி இந்த வாசலைத் தாண்டுவது மிகக் கடினம்.

மாகாண சபையின் கணக்கு வேறு. 2009இல் பதுளை மாவட்டத்துக்கு 21 ஆசனங்கள் இருந்தன. ஒரு ஆசனத்தின் விலை 5 வீதத்துக்கும் குறைவு. முழு ஆசனங்களைப் பகிர்ந்த பிறகு மிச்ச வாக்குகளின் வரிசையில் எஞ்சிய ஆசனங்கள் கொடுக்கப்படும்போது அதையும்விடக் குறைந்த வாக்கே போதும். மண்வெட்டிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது இந்த வாசல் வழியாகத்தான். 2014 செப்டெம்பர் 20 தேர்தலுக்கு முன் பதுளையின் ஆசனங்கள் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டு, மொனராகலைக்கு 11இலிருந்து 14ஆகக் கூட்டப்பட்டன. வாசல் சற்று ஒடுங்கியது. அத்தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 19, ஐ.தே.க. 13, ஜே.வி.பி. 2. சிறு கட்சி எதுவும் தன் பெயரில் உள்ளே வரவில்லை.

2019இல் அந்தச் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு நாட்டின் எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாண சபை என்றால் 13ஆம் திருத்தம், வடக்கு கிழக்கு இணைப்பு, காணி, பொலிஸ் அதிகாரம் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். ஊவாத் தோட்டத் தமிழருக்கு அது வேறொரு பொருளுடையது. சிதறி வாழும் ஒரு சமூகம் தன் சொந்தப் பெயரில் ஏறி நிற்கக்கூடிய படி அது ஒன்றே. அந்தப் படி இன்று இல்லை.

மற்றவர் சின்னத்தில் வென்றால்

2015 யூனில் மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணி, பழனி திகாம்பரத்தின் தொழிலாளர் தேசிய முன்னணி, இராதாகிருஷ்ணனின் மலையக மக்கள் முன்னணி மூன்றும் சேர்ந்து தமிழ் முற்போக்குக் கூட்டணியை அமைத்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து மலையக மக்கள் முன்னணியின் அ. அரவிந்தகுமார் ஐ.தே.க.வின் யானைச் சின்னத்தில் வென்றார். அதே பட்டியலில் வடிவேல் சுரேஷும் வென்றார். 2020இல் இருவரும் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் மீண்டும் தெரிவானார்கள்.

இது நடக்க உதவியது விருப்பு வாக்கு முறை. ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்குகள். தோட்ட மக்கள் பெரிய கட்சிக்குப் புள்ளடி போட்டு, அதன் பட்டியலிலுள்ள தமிழ் வேட்பாளர்களுக்கே விருப்பு வாக்குகளைச் சேர்த்து அளித்தால், 18 வீதமானோரால்கூட இருவரை அனுப்ப முடியும். மிகுந்த கட்டுப்பாட்டோடு மக்கள் இதைச் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளும் இலக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள் என்று லுணுகலைப் பக்கமிருக்கும் எனது அத்தை சொல்லுவார்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு குறை உண்டு. ஆசனம் கட்சிக்குச் சொந்தமில்லை. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கிய 20ஆம் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஐக்கிய மக்கள் சக்தியும் தமிழ் முற்போக்குக் கூட்டணியும் எதிர்த்தன. அரவிந்தகுமார் ஆதரித்து வாக்களித்தார். கூட்டணி அவரை இடைநிறுத்தியது. பின்னர் 2022இல் அவர் இராஜாங்க அமைச்சரானார். பதுளையில் மண்வெட்டிக் கட்சியின் குரல் என்று இருந்தது அத்தோடு கட்சியின் கையை விட்டுப் போயிற்று.

தனிப்பட்ட ஒருவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய கட்சியின் பட்டியலில் வென்றவருக்கு அந்தப் பெரிய கட்சியும் கட்டுப்பாடு, தன் சிறு கட்சியும் கட்டுப்பாடு, தேர்தல் செலவும் தொகுதி வேலையும் ஆளும் கட்சியின் தயவு. இந்த மூன்றுக்கும் நடுவில் சிறு கட்சியின் பிடிதான் முதலில் தளரும். முஸ்லிம் கட்சிகளுக்கும் அதே வாக்கெடுப்பில் அதே அனுபவம் நேர்ந்தது.

2024 நவம்பர் தேர்தலில் பதுளையில் தேசிய மக்கள் சக்தி 9இல் 6 ஆசனங்களைப் பிடித்தது. அதன் பட்டியலில் கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என இரு மலையகத் தமிழர் தெரிவானார்கள். தோட்டத்துப் பெண் ஒருவர் பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனது நல்ல செய்தி. ஆனால் மலையகக் கட்சி என்ற பெயரில் ஒருவரும் அங்கிருந்து போகவில்லை. மக்கள் இருவரைப் பெற்றார்கள், கட்சிகள் ஒருவரையும் பெறவில்லை. தேசியக் கட்சியே எங்கள் பிரச்சினையைத் தீர்த்தால் தனிக் கட்சி எதற்கு என்று இளைஞர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் காணியில்தான் இருக்கிறது.

முகவரி இல்லாத வீடு

தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. நான்கு தலைமுறையாக அங்கே பிறந்து இறந்தவர்களுக்கு என்று எழுத்தில் ஒன்றுமில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வரும். வங்கியில் கடன் கேட்டால் உறுதி கேட்பார்கள். வீட்டுக்கு ஓர் அறை கூட்டுவதென்றால் துரையின் அனுமதி வேண்டும்.

பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தான் தெரிவு செய்த உறுப்பினர் தன் லயத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தர முடியாது. முப்பது ஆண்டு கழித்து 2018இல்தான் இது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அதிகார சபைச் சட்டமும் நிறைவேறியது. வீடொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற கொள்கையும் அக்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணி அரசில் இருந்த காலம் அது. தேசியக் கட்சியொன்று தானாகவே 33ஆம் பிரிவைத் தேடிப் பிடித்துத் திருத்தியிருக்குமா என்பது என் சந்தேகம். முப்பது ஆண்டுகளாக இரு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன, அந்தப் பிரிவு அப்படியே இருந்தது. இதைப் போன்ற சிறு எழுத்துச் சட்டங்களைத் தெரிந்து வைத்திருப்பதும் விடாமல் கேட்பதும்தான் சிறு கட்சியின் வேலை.

காணி இல்லாததன் விலை உயிராகவும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. வேறு காணி இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? உயிர் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் புதிய வீடுகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: பாதுகாப்பான காணி எங்கே, அதை யார் கொடுப்பது?

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த அரச நிகழ்வில், இந்திய உதவியுடனான வீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் 2,000 பேருக்கு மேல் உரித்துப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. வரவேற்க வேண்டியது. பத்திரம் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. அது முழுமையான உறுதியா, வீட்டுக்கான உரித்தா, காணி எத்தனை பேர்ச்சஸ், பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க முடியுமா, பெண்ணின் பெயரும் இருக்கிறதா என்று எழுத்தில் பார்க்க வேண்டும். வன்னியில் அனுமதிப்பத்திரத்துக்கும் உறுதிக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் பட்டுத்தான் படித்தோம்.

பூர்வீகம் என்ற சொல்

பதுளை மாவட்டத்தில் இன்னொரு மக்களும் இருக்கிறார்கள். மகியங்கனையை அடுத்த தம்பானையில் வாழும் வேடர்கள். இந்தத் தீவின் ஆதிக்குடிகள் அவர்கள் என்பதை யாரும் மறுப்பதில்லை. வாகரை, வெருகல் கரையோரங்களில் தமிழ் பேசும் வேடர்கள் இருப்பதைக் கிழக்கு வாசகர்கள் அறிவார்கள். 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானை மக்கள் தலைமுறையாக வேட்டையாடித் தேன் எடுத்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் அமர்வில் பேசினார். 2020இல் ரம்பக்கன் ஓயாப் பகுதிக் காடழிப்புக்கு எதிராக நீதிமன்றமும் சென்றார்.

அவர்களுக்கென்று ஒரு கட்சி இல்லை. மலையகத் தமிழருக்குக் கட்சிகள் பல. ஒருவருக்குப் பூர்வீகம் இருக்கிறது, காடு இல்லை. மற்றவருக்கு இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது, வீட்டடிக் காணி இல்லை. எனவே ‘யார் முதலில் வந்தார்’ என்ற வாதம் ஏழைகளுக்குக் காணி வாங்கித் தராது என்பதை ஊவாவே எங்களுக்குக் காட்டுகிறது. மலையக மக்கள் முன்னணி போன்றவை ஆதிக்குடி என்று உரிமை கோரவில்லை. உழைத்து உருவாக்கிய நிலத்தில் வேர் விட்ட மக்கள் என்ற உரிமையைக் கேட்டன. அது தனியான, நேர்மையான கோரிக்கை.

அந்தக் கோரிக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பெயரிலேயே காணலாம். 2023இல் மலையகம் 200 நினைவாக யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை அரசு ஏற்க வேண்டும் என்பது முக்கிய கோரிக்கையாக இருந்தது. 2024 குடிசன மதிப்பீட்டில் அப்பெயர் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு சேர்த்து இடம்பெற்றது. ஆனால் அப்படிப் பதிந்தோர் 2012இன் 4.1 வீதத்திலிருந்து 2.8 வீதமாகக் குறைந்தார்கள். அதே வேளை இலங்கைத் தமிழர் என்று பதிந்தோரின் வீதம் கூடியிருக்கிறது. ‘இந்திய’ என்ற ஒட்டு வேண்டாம் என்று இலங்கைத் தமிழர் எனப் பதிந்தவர்கள் பலர் என்பதே என் கணிப்பு. அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் தமிழ்மொழிப் பிரதேச செயலகம், பாடசாலை, ஒதுக்கீடு எல்லாவற்றிலும் கணக்குக் குறையும்.

வடக்கு கிழக்குக்கு இதில் என்ன?

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காக முதலில் தெருவில் இறங்கியவர்கள் மலையக மக்கள். தலவாக்கலையில் வன்செயல் மூண்டு ஊரடங்கு போடப்பட்டது. தண்டிக்கப்பட்டவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தக் கடனை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாகாண சபைத் தேர்தலைக் கேட்கும்போது ஊவாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வன்னியில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்குக் காணி உறுதி கேட்கும்போது, பசறையிலும் கொஸ்லந்தையிலும் இருக்கும் அவர்களது உறவுகளுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். தேர்தல் முறை மாற்றம் பேசப்படும் ஒவ்வொரு முறையும், சிதறி வாழும் மக்களுக்கு அந்த முறையில் இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மலையக மக்கள் முன்னணி பிழைக்குமா, வேறொரு கட்சி வருமா என்பது இரண்டாவது விடயம். பெரிய கட்சியின் பட்டியலில் யாரையாவது வைத்தே ஆக வேண்டிய நிலை இல்லாமல், தோட்டத்து மக்கள் தமது பெயரில் ஒருவரைத் தெரிந்தெடுக்கக்கூடிய சபை ஒன்று ஊவாவில் மீண்டும் கூட வேண்டும். மண்வெட்டிக்கு அன்று கிடைத்த ஓர் ஆசனம் அந்தச் சபையில்தான் கிடைத்தது.